உமரிச் சாற்றின் முதல் டம்ளர்

மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளப் புதுச்சேரிக்குக் கிளம்பும் முன், தமிழரசி காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதினாள். கணவன் கலியபெருமாள் உப்பளத்திலிருந்து இன்னும் திரும்பவில்லை. நேற்றைய சண்டைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவும் இல்லை.

"சோறு ஹாட்பாக்ஸ்ல இருக்குது. மீன் கொழம்ப சுட வெச்சிக்குங்க. கேஸ்காரர் வந்தா காலி சிலிண்டரை எடுத்துக் குடுங்க. சாவி மீட்டர் பாக்ஸ் மேல.

உப்பள வரப்புல உமரிக் கீரை புடுங்கியாந்து நீங்க காய்ச்சின சாறு சொம்புல அப்படியே இருக்குது. இனிமே நான் குடிக்கல. அந்தச் சாறு கேன்சர் செல்லைக் கொன்னுச்சுன்னு நீங்க காட்டுன வீடியோவுல சொன்னாங்க, சரி. அது காலேஜ் லேப்ல கண்ணாடித் தட்டுல வெச்ச செல்லு. நான் தட்டு இல்ல. ஊசியெல்லாம் போட்டு முடியுற வரைக்கும் வேற எந்த மருந்தும் சேத்துக்காதீங்கன்னு டாக்டரம்மா சொல்லும்போது நீங்களும் பக்கத்துலதான் நின்னீங்க. கோவம் இருந்தா இருக்கட்டும்."

தாளைச் சொம்புக்கு அடியில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டியவள், திரும்ப உள்ளே வந்தாள். இடம் இல்லாததால் ஓரத்தில் நெருக்கி எழுதினாள்.

"எனக்கு ஒத்துக்குமான்னு பாக்க, தெனமும் மொதல்ல நீங்க ஒரு டம்ளர் குடிச்சது எனக்குத் தெரியும். உமரிக் கீரைக்கு நாம உப்பே போட மாட்டோம், அதுலயே அவ்ளோ உப்பு. நீங்க பிபி மாத்திரை போடுற ஆளு. என் கட்டி கரைஞ்சுதோ இல்லியோ, உங்க காலு வீங்கிப் போச்சு. இன்னிக்கே ஆஸ்பத்திரில காட்டுங்க. காட்டலேன்னா அடுத்த ஊசிக்கு நானும் போகல."