அனனியாவின் இரண்டு வருஷம்

இன்று காலை ஜெபக்கூட்டத்தின் நடுவே தகரக் கூரையில் தடாலென்று ஒரு சத்தம். உபதேசியார் வாசிப்பை நிறுத்திவிட்டார். கங்காணி வீட்டு அக்கா "ஏசப்பா" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு மட்டும் சிரிப்பு. வெளியே போய்ப் பார்த்தால், ஈரப் புல்லில் கனமாகக் கிடக்கிறது ஓர் அவக்காடோ. வெட்டப் போகிறோம் என்று போன வாரம்தான் தோட்டத்து ஆபீஸிலிருந்து வந்து சொல்லிவிட்டுப் போன உன் மரத்தின் முதல் காய். முகர்ந்து பார்த்தேன். பச்சை வாசனை, உன் தோட்டத்துக் கையின் வாசனை.

நாம் அந்தப் பாடத்தைப் படிக்கத் தொடங்கிய நாள் நினைவிருக்கிறதா? நம் பிள்ளைகளைக் கிடத்திவிட்டுக் கொழுந்து பறிக்கப் போன பழைய ஆயாக்கொட்டகைதான் அப்போது ஜெப வீடாகியிருந்தது. உபதேசியார் பாபிலோன் சிறையிருப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் நீ கையைத் தூக்கினாய்.

"ஐயா, எந்த ஜெயிலு? தைப்பிங் ஜெயிலு மாதிரியா?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கம்பிக்குள் அடைப்பதல்ல, சொந்த மண்ணிலிருந்து கொண்டுபோய் வேற்று நாட்டில் வாழவைத்ததைத்தான் வேதம் அப்படிச் சொல்கிறது என்று அவர் விளக்கினார். நீ என் தொடையில் ஓங்கித் தட்டினாய்.

"அடியே, இது நம்ம கதைலா! நம்ம தாத்தாமாரையும் இப்படித்தானே கப்பல்ல கொண்டாந்தாங்க!"

அன்று இரண்டு தீர்க்கதரிசிகளைப் பற்றிப் படித்தோம். அனனியா என்பவன், இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும், ஊர் திரும்பலாம் என்று இனிக்க இனிக்கச் சொன்னான். சனங்களுக்கு அவனைத்தான் பிடித்தது. எரேமியாவோ, நாளாகும், இருக்கிற இடத்திலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைத் தின்னுங்கள், அந்த ஊரின் நன்மைக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று எழுதி அனுப்பினார். விசுவாசம் என்றால் மூட்டை கட்டிக்கொண்டு காத்திருப்பது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

அடுத்த வாரமே தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி நம் லயத்து வீடுகளுக்கு வந்தார். "ரெண்டு வருஷத்துல டவுன் பக்கம் புது வீடு ரெடி. கூரைய மாத்தாதீங்க, மரம் கிரம் வைக்காதீங்க."

அதே இரண்டு வருஷம்! நீ வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாய்: "அனனியா வந்துட்டாருடி."

அதோடு அந்த மனிதரின் சொந்தப் பெயர் லயத்தில் செத்துப்போனது. மாரியம்மன் கோயில் பூசாரிகூட, "உங்க அனனியா என்னதான் சொல்றாரு?" என்று நம்மிடம் விசாரித்தார்.

திரிங்காப் சந்தையில் வாங்கிய அவக்காடோவின் கொட்டையை அன்று சாயங்காலமே ஜெப வீட்டுச் சுவரோரம் ஊன்றினாய். கீரை விதைத்தாலும் ஒரு பிரயோசனம் உண்டு, இது காய்க்க எத்தனை வருஷம் ஆகுமோ என்று நான் அலுத்துக்கொண்டேன்.

"ஆவட்டும். நான் எங்க போறேன்?"

உன்னை ஜெபிக்கச் சொன்னால் உபதேசியாருக்கே சிரிப்பை அடக்க முடியாது. "ஆண்டவரே, திரிங்காப் காய்கறி லாரிக்கெல்லாம் பிரேக் பிடிக்கணும். லெம்பா பெர்த்தாம் தோட்டங்கள்ல மழை அளவாப் பெய்யணும். அனனியாவுக்கு இருமல் நிக்கணும், அப்படியே பொய்யும் நிக்கணும்." நான் கண்ணை மூடிக்கொண்டே சிரித்திருக்கிறேன்.

இரண்டு வருஷங்கள் வந்து வந்து போயின. புது வீடு வரவில்லை. நீதான் போனாய். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் உன் மகன் கோலாலம்பூருக்கு வந்துவிடு என்று கெஞ்சியபோது, "என்னைய நம்ம கல்லறை மேட்டுலயே வைங்க" என்றாய். வைத்தோம். ஆனாலும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. பலனைத் தின்னுங்கள் என்று வேதத்தில் இருக்கிறதே, நீ தின்னாமல் போய்விட்டாயே. இதை ஆண்டவரிடமும் கேட்டுவிட்டேன்.

போன வாரம் வந்தவன் புதுக் கிராணி. சின்னப் பையன், மரியாதை தெரிந்தவன். "ஆன்ட்டி, இங்க டூரிஸ்ட்டுக்கு ரூம் கட்டப் போறாங்க. கொட்டாயக் காலி பண்ணணும், மரத்த வெட்டணும். உங்களுக்கு ரெண்டு வருஷத்துல..." எனக்குக் காது அடைத்துவிட்டது. வரும் ஞாயிறு பதில் சொல்லவேண்டும். கங்காணி வீட்டு அக்காவே, "போனாப் போவுது, கர்த்தர் வேற எடம் குடுப்பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்று காய் விழுந்ததும் அதே அக்காதான் அதை எடுத்து முந்தானையில் துடைத்தாள். அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள். பிறகு, "வெட்ட விடக்கூடாதுடி" என்றாள்.

விட மாட்டோம். காயை அரிசி டின்னில் புதைத்து வைத்திருக்கிறேன். மரத்தில் கனியாத சாதியாயிற்றே, ஞாயிற்றுக்குள் மெத்தென்று ஆகிவிடும். அந்தப் பையனை உட்காரவைத்து, சீனி போட்டு ஒரு துண்டு கொடுப்பேன். தின்று முடித்ததும் சொல்வேன்: "தம்பி, முதல்ல வீட்டக் கட்டு. சாவியக் கையில குடு. அப்புறம் மரத்தப் பத்திப் பேசலாம்." அவனுக்காகவும் ஜெபித்துவிட்டேன், நீ சொல்லிக்கொடுத்தபடி இருமலையும் பொய்யையும் சேர்த்தே.

கொட்டையை எறியமாட்டேன். என் வீட்டு வாசலில் ஊன்றப் போகிறேன். இந்த வயதிலா என்று மகள் கேட்கிறாள், காய்க்க எத்தனை வருஷமாகும் என்கிறாள்.

ஆகட்டும். நான் எங்கே போகிறேன்?