ஏழாவது கேள்வி

அக்கா,

நீ நச்சரித்தாயே என்றுதான் புற்றுநோய் ஆதரவுக் குழுவுக்குப் போனேன். இனிமேல் போகச் சொல்லாதே.

பத்தொன்பது வயதாகிவிட்டதால் குழந்தைகள் பிரிவில் சேர்க்க மாட்டார்களாம். பெரியவர்களோடு உட்கார வைத்தார்கள். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். பக்கத்து நாற்காலித் தாத்தா, "யாருக்குத் துணையா வந்தேம்மா?" என்றார். தொப்பியைக் கழற்றிக் காட்டினேன்.

பிறகு 'வாழ்க்கைத் தரம்' என்று ஒரு படிவம். பாதியில் நின்ற படிப்பைப் பற்றியோ, போன் எடுக்காத தோழிகளைப் பற்றியோ ஒரு வரி கிடையாது. ஏழாவது கேள்வி: 'பேரப்பிள்ளைகளோடு விளையாட முடிகிறதா? ஆம் / இல்லை.' எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை மட்டும் காலியாக விட்டேன்.

"காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காதும்மா," என்றார் நர்ஸ்.

"எனக்குப் பிள்ளையே இல்லையே சிஸ்டர்."

"அப்போ இல்லைன்னு போடு. அவ்வளவுதானே!"

கீமோ ஏற்றினால் பிள்ளை பிறக்காமல் போகலாமாம். பிள்ளை வேண்டுமா என்று முதல் கீமோவுக்கு முன்னால் யாராவது என்னைக் கேட்டிருக்கலாம். எல்லாம் ஏற்றி முடித்த பிறகு ஒரு காகிதம் கேட்கிறது, அதுவும் பேரப்பிள்ளையை.

'இல்லை' என்று டிக் அடித்தேன்.

அம்மாவிடம் குழு நன்றாக இருந்ததாகச் சொல். ஞாயிற்றுக்கிழமை வரும்போது உன் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வராதே.

இல்லை, தூக்கிக்கொண்டே வா.

உன் தங்கச்சி