பவானியின் விரலை நம்பாத இயந்திரம்

மார்ச் 10, திங்கள்

வெயில். எண்ணூர்ப் பக்கமிருந்து சாம்பல் கலந்த காற்று. வெளுத்துப் போட்ட சட்டை கொடியிலேயே கிழடாகிவிட்டது.

காலை, துறைக் கூட்டம். பல்கலைக்கழகத்தின் தகவல் தொழில்நுட்பத் துறையில் அத்தனை கம்பிகளுக்கும் நானே சக்கரவர்த்தி. சம்பளப் பட்டியலில் மட்டும் டெக்னீஷியன். டைரக்டர் (இனி டை.; அந்த ஆளுக்கு முழுதாக எழுத மை வீண்) ஒரு யுகம் பேசினார். "நிறுவனத்தின் இலக்குதான் நம் துறையின் இலக்கு." சுவரிலும் எழுதி மாட்டியிருக்கிறது. இலக்கு இதுதான்: வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு வரும்போது வருகைப்பதிவு முழுக்கக் கைரேகையில். காகிதம் கண்ணில் படக்கூடாது. கேட்டுக்கொண்டிருந்த மின்விசிறி வெட்கப்பட்டு நின்றுவிட்டது.

வாங்க: இன்சுலேஷன் டேப், கொசுவத்தி, அசிடிட்டி மாத்திரை.

மாலை, அக்கா மகள் பவானி. இங்கேயே பி.காம். கடைசி வருஷம். கண் சிவந்திருந்தது.

"மாமா, எனக்கு ஹால் டிக்கெட் கெடையாதாம். அட்டெண்டன்ஸ் பத்தலியாம்."

"காத்திவாக்கத்துலேர்ந்து தெனம் மொத பஸ்ஸு புட்சி வர்றியே?"

"வர்றேன், வெரலு வெக்கிறேன். 'மீண்டும் முயற்சிக்கவும்'னு சொல்லிகினே கீது. நான் வந்தது எல்லாருக்கும் தெரியும் மாமா, அந்தப் பொட்டிக்குத்தான் தெரியல."

விரலைத் திருப்பிப் பார்த்தேன். விடிகாலையில் அக்காவோடு உட்கார்ந்து ஐஸ் இறால் உரிக்கிறாள். ஓடு அரித்து நுனியெல்லாம் வழவழப்பு, ரேகையே இல்லை. வங்கக் கடலின் மொத்த இறாலும் சேர்ந்து இந்தப் பெண்ணின் விரலைத் தின்றிருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

புழுக்கம். டை. அறையில் மட்டும் இமயமலை.

சொன்னேன். இறால், ஐஸ், விரல். அவள் வந்ததைப் பாடம் நடத்துகிறவர்கள் எழுதித் தரத் தயார் என்றும்.

"கையால எழுதினா டேட்டா சுத்தமா இருக்காது. ஒரு பொண்ணுக்காக சிஸ்டத்தை மாத்த முடியாது. நல்ல க்ரீமா போடச் சொல்லுங்க."

க்ரீம்! கடலையே கொதிக்கவைத்து அந்த ஆளை அதில் வேகவைத்தாலும் என் வயிறு ஆறாது.

வெளியே ஸ்டீபன், என்னோடு கம்பி இழுக்கிறவன். "இன்னா மாமு, உள்ள பனி கொட்டிச்சா?"

"கொழுப்பு கொட்டிச்சு நைனா."

"ஊரு வெரலெல்லாம் நாமதான் அந்தப் பொட்டில ஏத்துனோம். அந்தாளு வெரல நீ ஏத்துனியா?"

"இல்லியே. நீ?"

"நானும் இல்ல."

டீ ஆறிப்போனது. குடிக்கத் தோன்றவில்லை. சந்தோஷம்.

மார்ச் 12, புதன்

தலைவலி. ஹால் டிக்கெட் பட்டியல் வெள்ளி மாலையோடு மூடுகிறார்களாம். பவானி தேங்காயெண்ணெய் தடவி வைத்துப் பார்த்தாள். ம்ஹூம்.

அக்கா போனில்: "டேய், நீ கம்ப்யூட்டர் ஆபீஸ்லதான கீறே? ஒரு பொட்டி உன் பேச்ச கேக்காதா?"

போனை வைத்தேன்; பூக்கடையில் ஒரு சாமந்தி மாலைக்குச் சொன்னேன். சக்கரவர்த்திகளுக்குப் பூவும் ஓர் ஆயுதம்.

மார்ச் 14, வெள்ளி

மேகம். கடல் காற்று. டை. இந்த ஊர்ப் புழுக்கத்தில் கோட்டு!

குழுத் தலைவி ஒல்லியான அம்மையார், பேச்சு குறைவு. இயந்திரத்துக்குச் சாமந்தி மாலை போட்டு, பக்கத்தில் பவானியையும் நிறுத்தி வைத்திருந்தேன். டை. முன் இடுப்பு ஒடியக் குனிந்தேன். "ஐயா திருக்கரத்தாலேயே தொடங்கி வைக்கணும்."

"அது மத்த ஸ்டாஃபுக்கு..."

"வைங்க சார், பார்ப்போம்" என்றார் அம்மையார்.

வைத்தார். 'மீண்டும் முயற்சிக்கவும்.' கோட்டில் துடைத்து வைத்தார். 'மீண்டும் முயற்சிக்கவும்.' கட்டை விரல், சுண்டு விரல், இடது கை. ஷூவையும் கழற்றிவிடுவாரோ என்று நடுங்கினேன்.

"அப்ப நீங்க இன்னைக்கு வரலியா?"

"மேடம், நான் இங்கதானே நிக்கிறேன்! எல்லாருக்கும் தெரியும்!"

பவானி சொன்ன அதே வாசகம், கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தது.

ஒரு வெள்ளைத்தாள் நீட்டினேன். "கையெழுத்து போட்டுருங்க ஐயா. இன்னொரு ஆளும் இங்கதான் நிக்கிது, அது வந்ததுக்கும் சேத்துப் போடுங்க." இறால் கதையை அம்மையாரிடம் சொன்னேன், திருவொற்றியூர் தேரடி வரை கேட்கும் குரலில். அவர் பவானியைக் கூப்பிட்டு விரலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு டை.யைப் பார்த்தார்.

டை. கையெழுத்துப் போட்டார். பேனா காகிதத்தைக் கிழித்தது.

மாலை ஹால் டிக்கெட் வந்துவிட்டது. பவானி அழுதாள், சிரித்தாள், என்னைக் கிள்ளினாள். கூடவே எனக்கும் ஓர் உத்தரவு: நாளை முதல் பழைய மானிட்டர் கிடங்கு.

மார்ச் 15, சனி

கிடங்கு. எலி, ஒட்டடை, செத்துப்போன மானிட்டர்கள்: என் புதிய சாம்ராஜ்யம். இங்கேயும் வாசலில் ஒரு பொட்டி. ராஜ கம்பீரமாக விரலை வைத்தேன்.

'மீண்டும் முயற்சிக்கவும்.'

துடைத்து வைத்தேன். அதேதான். ராத்திரியோடு ராத்திரியாக டை. என் பெயரையே பொட்டியிலிருந்து எடுத்திருக்கிறான், படுபாவி. என் ரேகையை அழிக்க அவனுக்கு இறால்கூடத் தேவைப்படவில்லை.