புதன்கிழமை வரை

திரையில் மூன்று பெட்டிகள். எந்த நாளிலிருந்து. எந்த நாள் வரை. யார்.

இன்று காலை மாத அறிக்கைக்காக அந்தத் திரையைத் திறந்தேன். மூன்றாவது பெட்டியில் வேறு ஒருவருடைய பெயரைத் தட்டத் தொடங்கினேன். முதல் எழுத்து உனக்கும் அவருக்கும் ஒன்றுதான். உன் பெயர் முந்திக்கொண்டு வந்து நின்றது. சாம்பல் நிறத்தில். பக்கத்தில் இரண்டு சொற்கள்: செயலில் இல்லை.

இதைவிடச் சுருக்கமான இரங்கல் குறிப்பை நான் படித்ததில்லை. எழுதியதும் நான்தான். வேலையை விட்டுப் போனவர்களுக்காக அந்த இரண்டு சொற்களை அங்கே வைத்தேன். நீ அப்போது கீழே லாரிக்காரர்களோடு சிரித்துக்கொண்டிருந்தாய்.

கோபமாக இருக்கிறேன். இல்லாதவர்களுக்கு எழுதும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எனக்கு வரவில்லை.

பட்டர்வொர்த்தில், மாக் மண்டின் குளிர்க்கிடங்கில் நீ கீழே, நான் மாடியில். லாரி வந்து பின்பக்கமாக ஒட்டி நிற்கும். நீ தடித்த ஜாக்கெட்டோடு போய், பெட்டிகளுக்கு நடுவே வெப்பமானியைச் செருகி, எண்ணைப் பார்த்துவிட்டு, கணினியில் உன் பெயரில் நுழைந்து ‘ரிலீஸ்’ அழுத்துவாய். அழுத்தினால்தான் சரக்கு நகரும். நீ அழுத்தியதையெல்லாம் நாள்வாரியாக, ஆள்வாரியாகச் சலித்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. இரண்டும் ஒரே வேலையின் இரண்டு முனைகள் என்று ஒருமுறை பெரிதாகச் சொன்னேன்.

“ஆமா ப்ரொபசர். எனக்கு மைனஸ் பதினெட்டு, உனக்கு ஏர்கோன்ல இருபத்து நாலு. ஒரே வேலைதான் லா.”

பல்கலைக்கழகத்தில் படித்தவன் என்பதற்காக நீ கொடுத்த பட்டம். கிடங்கு முழுக்க ஒட்டிக்கொண்டது.

ஒரு நாள் படியேறி வந்து என் மேசையில் ஒரு தாளைப் போட்டாய். திங்கள் முதல் சனி வரை கேட்டிருந்தாய். சனிக்கிழமை செய்த வேலை ஒன்றுகூட அதில் இல்லை. நான் விளக்கினேன். மணி சொல்லாமல் சனி என்று மட்டும் கொடுத்தால், கணினி அதைச் சனிக்கிழமை பிறக்கிற நொடி என்று எடுத்துக்கொள்ளும். அந்த நொடியோடு மூடிவிடும். பிறகு நடந்தது எதுவும் வராது.

நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாய். “சனி வரைக்கும்னா சனியும் சேர்த்துதான்டா. எந்த ஊர்ல சனி வரைக்கும்னா வெள்ளியோட கடையைச் சாத்துவாங்க?”

 அன்றே திருத்தினேன். படித்தவன் திருத்தினான் என்று கீழே போய் எல்லோருக்கும் தே ஓ, அந்தப் பாலில்லாத் தேநீரை, வாங்கிக் கொடுத்தாயாம். எனக்கு மட்டும் வரவில்லை.

இப்போது உன் கடவுச்சொல்லுக்கு வருகிறேன். கோபம் அங்கேதான் தொடங்குகிறது.

ரிலீஸ் அழுத்தும் அனுமதி உனக்கும் மேலாளருக்கும் மட்டும். மற்றவர்களுக்கு வேண்டுமென்றால் தலைமையகத்துக்கு எழுத வேண்டும். பதில் வருவதற்குள் கேட்ட ஆளே வேலையை விட்டுப் போயிருப்பார். மேலாளர் கீழே இறங்க மாட்டார். நீ சாப்பிடப் போவாய், தொழப் போவாய். லாரி வெயிலில் நிற்கும். “என் பேர்லயே போட்டுக்கங்க லா” என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாய். உன் மோட்டார் சைக்கிள் நம்பர்தான் கடவுச்சொல் என்று வாசல் காவலாளிவரை தெரியும். மறந்தவர்கள் வெளியே போய் உன் மோட்டாரைப் பார்த்துவிட்டு வருவார்கள்.

நான் உன்னைத் திட்டியிருக்கிறேன். யார் அழுத்தினாலும் திரையில் உன் பெயர்தான் விழும் என்று சொன்னேன்.

“விழட்டுமே. நம்ம ஆளுங்கதானே.”

உன்னுடைய நம்ம ஆளுங்களில் நேப்பாளிகள் இருந்தார்கள், வங்காளதேசிகள் இருந்தார்கள், பெயர்கூடத் தெரியாத ஒப்பந்த ஆட்கள் இருந்தார்கள். உலகத்தில் யார்தான் உன் ஆள் இல்லை?

அந்தப் புதன்கிழமை உனக்குக் காய்ச்சல். சாந்தி அக்கா உங்கள் ஷிப்டுக்குத் தலைவி, நம் இரண்டு பேருக்கும் அம்மா வயது. உன் முகத்தைப் பார்த்ததும், மதியமே உன்னை வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறார். நீ டாக்டரிடம் போய் எம்.சி. எடுக்கவில்லை, எங்கும் கையெழுத்துப் போடவில்லை. நம் கிடங்கில் அதுதான் வழக்கம். முடியாதவன் போவான், மற்றவர்கள் அவன் இடத்தை மூடிக்கொள்வார்கள், வருகைப் பதிவில் அவன் மாலை வரை நிற்பான். அப்படி நீயும் நின்றாய்.

டெங்கி. மறுநாள் ஆஸ்பத்திரி. அடுத்த செவ்வாய்க்கிழமை, அசர் தொழுகைக்குப் பிறகு, உன்னை அடக்கம் செய்தோம். நான் ஓரமாக நின்றேன். எங்கே கை வைப்பது, எதைச் சொல்வது என்று தெரியாமல்.

இரண்டு வாரம் கழித்துப் புகார் வந்தது. நாங்கள் அனுப்பிய தயிர்க் கிண்ணங்களின் மூடிகள் உப்பியிருந்தன. ஒரு பாலர் பள்ளியில் பிள்ளைகள் சாப்பிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஆனால் சரக்கு சூடாக வந்தபோது யார் உள்ளே விட்டது என்று வாடிக்கையாளர் கேட்டார். பார்த்தார்கள். புதன்கிழமை, பிற்பகல். உன் பெயர்.

அடுத்த நாளே அது கிடங்கில் பேச்சாகிவிட்டது. உன் லாக்கரைக் காலி செய்ய வந்த உன் தங்கையிடம் யாரோ அனுதாபமாகச் சொல்லியிருக்கிறார்கள், பாவம், கடைசியில் ஒரு தப்புப் பண்ணிட்டாரு என்று. அவள் உன் ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாடிக்கு ஏறி வந்தாள்.

“அண்ணே, சின்னப் புள்ளைங்க சாப்பிடுறது. எங்க அண்ணன் பார்க்காமயா விட்டாரு?”

இல்லை என்று எனக்குத் தெரியும். தெரியும் என்பதற்கும் காட்ட முடியும் என்பதற்கும் நடுவே என் தொழில் முழுவதும் இருக்கிறது. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். உம்மா சாப்பிடுவதில்லை என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மேலாளர் என்னைக் கூப்பிட்டார். நம் ஆள்தான். பொங்கலுக்கு வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுகிறவர். வாடிக்கையாளரின் தணிக்கையாளர் வரப்போகிறார், உன் பெயருக்கு ஓர் அறிக்கை எடுத்து வை என்றார். திங்கள் முதல் புதன் வரை.

நான் முதலில் முடிவு நாளைக் காலியாக விட்டு ஓட்டிப் பார்த்தேன். நீ புதனோடு நிற்கவில்லை. வியாழக்கிழமை கையில் ஊசியோடு படுத்துக்கொண்டு அழுத்தியிருந்தாய். செவ்வாய்க்கிழமை, நாங்கள் உனக்கு மண் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு லாரி உறைந்த கோழியை உள்ளே விட்டிருந்தாய். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வேலைநாளும். சுறுசுறுப்பாக. உன் பெயரை மூடினால் வேலை நின்றுவிடும் என்று, நீ இறந்ததை யாரும் தலைமையகத்துக்கு எழுதவே இல்லை.

அதாவது: புதன் வரை பார்த்தால் தவறு செய்தவன் நீ. புதனைத் தாண்டிப் பார்த்தால் உன் பெயரில் யார் வேண்டுமானாலும் அழுத்துகிறார்கள் என்று யாருக்கும் புரியும். ஒரே அட்டவணைதான். ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை, அழிக்க வேண்டியதில்லை. ஒரு தேதி போதும். பொய் சொல்லாமலே ஒருவனைப் புதைக்க இவ்வளவு சுலபமான கருவியை நானே செய்து கொடுத்திருக்கிறேன்.

தாள்களை மேலாளரிடம் கொண்டுபோனேன். அவர் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

“தம்பி, அவங்க கேட்டது அந்தப் புதன்கிழமைய. கேட்டதைக் குடு. மேல எதுக்கு?”

அவன் அன்று மதியமே போய்விட்டான் என்றேன். பதிவில் இருக்கிறானே என்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, குரலை இறக்கிச் சொன்னார்.

“போனவனுக்கு வேலை போகப்போறதில்ல. சாந்திக்குப் போகும். உனக்கு யாரு வேணும்னு நீயே யோசி.”

நியாயம்போல இருந்தது. அதுதான் இன்றும் என்னை எரிக்கிறது. சாந்தி அக்கா வாடகை வீட்டில் இருக்கிறார், மகள் இன்னும் படிக்கிறாள். நீ இருந்திருந்தால் நீயே சொல்லியிருப்பாய்: விடு லா, என் பேர்லயே போட்டுக்க. உன் குரலிலேயே எனக்குக் கேட்டது. உன்னை அறைய வேண்டும்போல இருந்தது. உன் பெயர் உன்னுடையது மட்டுமா? அதை ஜாக்கெட்டோடு சேர்த்து உன் தங்கை வீட்டுக்குத் தூக்கிப் போக வேண்டாமா?

அந்த நாட்களில் தீவிலிருந்து படகில் வேலைக்கு வரும்போதெல்லாம் சாந்தி அக்காவிடம் என்ன கேட்பது என்று வாக்கியங்களை அடுக்குவேன். கிடங்குக்குள் நுழைந்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் கேட்கவில்லை. கேட்டுத்தான் ஒருவர் சொல்ல வேண்டும் என்றால் அது எனக்கு வேண்டாம் என்று இருந்தது.

தணிக்கையாளர் வந்தார். சீனப் பெண், மெதுவாகப் பேசுகிறவர். மேலாளர் அச்சடித்த தாளை நீட்டினார். திங்கள் முதல் புதன். அவர் அதை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் கண்முன்னால் ஓட்டிக் காட்ட முடியுமா என்று என்னைக் கேட்டார்.

திரையைத் திறந்தேன். ஆளின் பெட்டியில் உன் பெயர். தொடக்க நாளில் அந்தத் திங்கள். முடிவு நாளில் தானாகவே இன்றைய தேதி நிற்கும், உனக்குத் தெரியும். மேலாளர் இருமினார். நான் அந்தப் பெட்டியைத் தொடவில்லை.

வரிசைகள் இறங்கின. அவர் படித்துக்கொண்டே கீழே போனார். கடைசி வரி அன்று காலையில் பதிவாகியிருந்தது.

இவர் இன்று வேலையில் இருக்கிறார்போல, கூப்பிடுங்கள், இரண்டு கேள்விதான் என்றார்.

 அவர் இறந்துவிட்டார் என்று நான் சொன்னேன். எப்போது என்றார். சொன்னேன். அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். விரலால் செவ்வாய்க்கிழமையைத் தேடினார். அங்கேயே விரல் நின்றது.

சாந்தி அக்கா வெப்பப் பதிவுத் தாள்களோடு கதவோரம் நின்றிருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. மலாயில்தான் சொன்னார், சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

“காலையில அழுத்தினது நான். அந்தப் புதன்கிழமையும் நான்தான். மூணு லாரி நின்னுச்சு, உள்ள செருகிப் பார்க்கல. அவன் இருந்திருந்தா பார்த்திருப்பான்.”

மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தணிக்கையாளர் கையை உயர்த்தினார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. நிறுவனம் எழுதிய கடைசி வாக்கியம் இது: தனிநபர் எவரும் பொறுப்பல்ல, நுழைவுமுறை சீர்செய்யப்பட்டது. நேர்த்தியான வாக்கியம். அனைவரையும் விடுவிக்கிறது. ஆகவே உன்னை விடுவிக்கவில்லை. அதே வாரம் உன் பெயர் சாம்பலாகியது. மேலாளர் அதே நாற்காலியில் இருக்கிறார். சாந்தி அக்காவை சிம்பாங் அம்பாட் கிளைக்கு, பெட்டி கட்டும் வேலைக்கு மாற்றினார்கள். உண்மை சொன்ன ஒரே ஆளுக்கு மட்டும் இடம் மாறியது.

உன் தங்கையைப் படகுத்துறையில் பார்த்தேன், கடை வேலை முடிந்து அவள் பட்டர்வொர்த் திரும்பும் நேரத்தில். நிறுவனத்தின் வாக்கியத்தைச் சொல்லவில்லை. என் வாயால் சொன்னேன்: உன் அண்ணன் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டான், பார்க்காமல் விட்டது அவன் இல்லை. யார் என்றும் சொன்னேன், அவர் தானே ஒப்புக்கொண்டதையும் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். உம்மாவிடம் இன்றைக்கே சொல்லணும் என்றாள். இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பினாள்.

“அந்த அக்காவுக்கு வேலை போயிடுச்சா அண்ணே?”

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் இந்த வியாதி இருக்கிறது.

உன் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. அதுவரை ரிலீஸ் அனுமதியை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். கீழேயிருந்து கூப்பிடுவார்கள், அண்ணே, லாரி நிக்குது, உங்க பேர்ல போட்டுக்கவா என்று. முடியாது என்பேன். கெடெகுட் என்று எனக்கு இப்போது புதுப் பட்டம், கஞ்சன் என்று. ப்ரொபசர் போய்விட்டது. சொல்லட்டும். அவர்கள் முகத்தில் ஒரு நொடி உன்னைத் தேடுவது தெரியும். அந்த நொடியில்தான் உன்மேல் எனக்குக் கோபம் அதிகம்.

பிறகு எழுந்து படியிறங்குகிறேன். கனமான ஜாக்கெட்டை மாட்டிக்கொள்கிறேன். லாரிக்காரர் ஹார்ன் அடிக்கிறார். நடுப்பெட்டியில் வெப்பமானியைச் செருகி, எண் அசையாமல் நிற்கும்வரை நிற்கிறேன். பிறகு என் பெயரில் அழுத்துகிறேன்.