வட்டை விதானையின் ஈரல்

கல்முனைக்குடி,
பங்குனி, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஸுஹைறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மெல்பேர்னில் டொக்டர் மேல்பயிற்சியில் இருக்கும் உனக்கு அல்லாஹ் சுகத்தையும் நிம்மதியான தூக்கத்தையும் தரட்டும். இங்கே நானும் உம்மாவும் உன் தம்பி அர்ஹமும் சுகம். நீ கேட்டபடி என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்துக் கோணியிருக்கிறதா, சொல் விடுபட்டிருக்கிறதா என்று முதலில் டொக்டராகத்தான் பார்ப்பாய். பார்த்து முடித்ததும் மகளாக இன்னொரு தடவை வாசி.

நடந்ததை நீ போனில் துண்டு துண்டாகத்தான் கேட்டாய். எனக்கும் பாதி ஞாபகம் இல்லை, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். பகலெல்லாம் தூங்குவேனாம். இரவில் வீட்டுக்குள் நடப்பேனாம். உம்மாவைப் பார்த்து, நான் உடுக்கும் சாரனைக் களவெடுத்தது நீதானே என்று சண்டை பிடித்தேனாம். ஜும்ஆவுக்குப் போய்விட்டு வீட்டுக்கு வரும் வழி தெரியாமல் மீன் சந்தைக்குள் நின்றேனாம்.

அதையெல்லாம் வீட்டோடு மூடி வைத்திருக்கலாம். வாய்க்கால் கதவு விஷயத்தைத்தான் மூட முடியவில்லை. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று இந்த வயல் வட்டை முழுக்க விதானையான என்னை நம்பித்தானே இருக்கிறது. அறுவடைக்கு நின்ற காரைதீவுப் புண்ணியமூர்த்தியின் வயலுக்குள் நானே போய்க் கதவைத் திறந்து விட்டேன். விளைந்த கதிர் சாய்ந்து, நெல் வெட்டும் மெசினும் சேற்றில் புதைந்துவிட்டது. ஏன் திறந்தாய் என்று கேட்டவர்களிடம், நாற்றுக்குத் தண்ணீர் வேண்டாமா என்று சிரித்தேனாம்.

அதற்குப் பிறகு ஊர் வாயை யார் கட்டுவது? சிலர் ஷைத்தான் பிடித்ததென்றார்கள். சிலர் ஒளித்துக் குடிக்கிறார் என்றார்கள். அதைக் கேட்டு உம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. என் தம்பி, உன் சாச்சா றமீஸ் பாவம், என் மானத்தைக் காப்பாற்ற ஓடித் திரிந்தார். யாரோ எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை வாங்கி வந்து தந்தார். அதோடு நான் கண் திறப்பதே அரிதாகிவிட்டது. பைத்திய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று வேன் பேசிய காலையில்தான் அர்ஹம் உனக்கு வீடியோ கோல் எடுத்தான்.

நீ அழவில்லையாம். வாப்பாவைத் தட்டி எழுப்பி உட்கார வையுங்கள், இரண்டு கையையும் முன்னால் நீட்டி மணிக்கட்டைப் பின்னால் மடக்கச் சொல்லுங்கள் என்றாயாம். என் கைகள் நிற்காமல் மடிந்து மடிந்து விழுந்தன. வயிறு எத்தனை நாளாகப் போகவில்லை என்று உம்மாவிடம் கேட்டாயாம். பிறகு நீ சாச்சாவிடம் சொன்னதை அர்ஹம் அப்படியே ஒப்புவிக்கிறான்: “சாச்சா, வாப்பாக்குப் பைத்தியமில்ல. ஈரல் பழுது. குடல்ல ஊறுற நஞ்சை ஈரல் அரிச்செடுக்காம விட்டா அது ரெத்தத்தோட மூளைக்குப் போகும். தூக்க மாத்திரை குடுக்க வேணாம். வேனை நம்மட ஆஸ்பத்திரிக்கு விடுங்க.”

குடிக்காத மனிசனுக்கு ஈரல் எப்படிப் பழுதாகும் என்று சாச்சா கேட்டிருக்கிறார். “சீனி வருத்தக்காரருக்கும் வரும், சாச்சா. வாப்பாக்கு நீரிழிவு இரிக்கிதானே. நான் பொறுப்பு” என்றாயாம்.

நான் பொறுப்பு. இந்த இரண்டு சொல்லை எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன் தெரியுமா? உம்மாவுக்கே அலுத்துவிட்டது.

மூன்றாம் நாள் வார்டில் கண் தெளிந்து, புண்ணியமூர்த்தியின் வயல் வெட்டியாயிற்றா என்று கேட்டேன். உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். இதை முதலில் கண்டுபிடித்தது யார் என்று வார்டு டொக்டர் கேட்டார். நான் வாய் திறக்குமுன் சாச்சா எழும்பி நின்று, “எங்கட புள்ள” என்றார்.

இப்போது குடல் நஞ்சை வெளிக்குப் போக்கும் பாகு போன்ற மருந்தொன்றைத் தவறாமல் குடிக்கிறேன். சீனிப் போத்தலை எனக்கு ஒளித்தே பழகிய உம்மா, இனிப்பு மருந்தோடு பின்னால் திரிகிறாள். இன்று எத்தனை தரம் வெளிக்குப் போனீங்க என்று விருந்தாளிகளுக்கு முன்னாலேயே கேட்கிறாள். அந்த வெட்கத்தையும் பழகிக்கொண்டேன்.

போன கிழமை, அடுத்த விதைப்பான சிறுபோகத்துக்கு வயல்காரர் கூட்டம் நடந்தது. நான் எழும்பி எல்லாவற்றையும் சொன்னேன். என் ஈரல் கெட்டதால் புத்தி கெட்டது, மதுவைத் தொட்டவன் இல்லை, வேறு ஒருவரை விதானையாக வையுங்கள் என்றேன். நட்டப்பட்ட புண்ணியமூர்த்திதான் எழும்பினார். “விதானையார் வருத்தத்தில செஞ்சது. மருந்தைக் குடிச்சிக்கிட்டு அவரே இரிக்கட்டும். கதவு திறக்கக்குள்ள முபீனும் கூடப் போகட்டும்” என்றார். எல்லோரும் ஓம் என்றார்கள். பக்கத்து வயல்கார முபீன் இப்போது நிழல் மாதிரி என்னோடு வருகிறான். கூட்டம் கலைந்ததும் சீனி வருத்தக்காரர் நாலைந்து பேர் என்னைச் சுற்றிக்கொண்டு, ஈரலுக்கு என்ன சோதனை செய்ய வேண்டும், மகளிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றார்கள். வட்டையில் இப்போது என் பெயர் டொக்டர் ஸுஹைறாட வாப்பா.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேள், மகள். பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வர நீ விலகல் கடிதம் கொடுக்கப் போவதாக அர்ஹம் சொன்னான். கொடுக்காதே. ஈரல் இனிப் புதிதாகாது, மயக்கம் திரும்பவும் வரலாம் என்று டொக்டர் எனக்கு ஒளிக்காமல் சொன்னார். உனக்கும் அது தெரியும், நீயும் எனக்குச் சொல்லவில்லை. கோபமில்லை. படிப்பை முடித்துவிட்டு வா. இதைத் தெளிந்த புத்தியோடு எழுதுகிறேன். பின்னொரு நாள் வருத்தம் கூடி, என் மகளைக் கூப்பிடுங்க என்று நான் கத்தினால், அது ஈரல் கதைக்கிறது என்று எடுத்துக்கொள்.

உன் கை படுகிற நோயாளிகளுக்கெல்லாம் அல்லாஹ் நோய் தீரும் ஷிபாவைத் தரட்டும். நீ வந்து இறங்குகிற நாளில் வாசலில் நிற்க எனக்கும் ஆயுள் கேட்டு துஆச் செய், மகள்.

உன் வாப்பா,
அபுல் ஹஸன்