பெரிய முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நீ எடுத்த படத்தைக் கடைத்தெரு முழுவதும் பார்த்துவிட்டது. கடைசியாகப் பார்த்தவன் நான்தான்.

போனாக இருந்தால் நறுக்கென்று இரண்டு வார்த்தை கேட்டு வைத்திருப்பேன். ஆனால் உங்கள் துறையில் இந்த மாதத்துப் பாடம் என்று சொல்லி எல்லோருடைய போனையும் வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார்களாம். போன் இல்லாமல் மனிதர்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமாம். நான் கட்டணம் கட்டுவது தொடர்பியல் படிக்க. அவர்கள் முதல் வேலையாகத் தொடர்பைத் துண்டிக்கிறார்கள். இப்படி ஒரு வியாபாரம் இருப்பது எனக்கு முன்பே தெரியாமல் போயிற்று. சரி, நீ கடிதம் போட்டாய், நானும் எழுதுகிறேன். ரசீதைத் தவிர வேறு எதையும் எழுதி வெகுகாலம் ஆகிறது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

அம்மா நலம். மாடிக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது, அல்லது அம்மா அதைப் பற்றிச் சொல்வதை நிறுத்திவிட்டாள். உன் அறையில் புதிதாக வந்த மெத்தைகளை அடுக்கியிருக்கிறேன். கோபப்படாதே, நீ வருவதற்குள் விற்றுவிடும். நீ என்ன படிக்கிறாய் என்று இங்கே இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். தொடர்பியல் என்றேன். கூலி வண்டிக்காரர், "அப்போ எங்க ஏரியா டவரை அவங்கதான் பார்த்துப்பாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி படத்துக்கு வருகிறேன்.

விடுமுறையில் காமிராவோடு வந்து கடையில் உட்கார்ந்தாய். என்ன எடுக்கிறாய் என்று கேட்டதற்கு, "ஒரு உரையாடல்பா, அஞ்சு நிமிஷம், பாடத்துக்கு" என்றாய். கடைக்கு விளம்பரம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அதற்காகவே இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டினேன். கட்டில்களையெல்லாம் துடைக்கச் சொன்னேன். பெயர்ப்பலகை விழும்படி நீ எங்கே நிற்க வேண்டும் என்றுகூட இடம் காட்டினேன். படத்தில் பலகையும் இல்லை, கட்டிலும் இல்லை. என் தொண்டையும் என் போனும்தான் இருக்கின்றன.

நீ எடுத்து வெளியே போட்டது என் தொழில் ரகசியம். கடை தொடங்கிய புதிதில் எனக்குப் பின்னால் யாரும் இல்லை. வருகிறவர்கள் பீரோவைத் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசி விலை என்ன என்பார்கள். முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னால் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். சரி என்று சொன்னால் நான் தெருவில் நிற்க வேண்டியதுதான். அதனால் இல்லாத முதலாளி ஒருவரை உண்டாக்கினேன். "என் கையில இல்லைங்க, பெரிய முதலாளியைக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, வீட்டு எண்ணை அழுத்துவேன். "முதலாளி, நல்ல பார்ட்டி, குடும்பத்தோட வந்திருக்காங்க, கொஞ்சம் பார்த்து விடலாமா?" என்பேன். திட்டு வாங்குவதுபோல் தலையாட்டுவேன். பிறகு, "சரிங்க, சரிங்க, திட்டாதீங்க." திட்டு வாங்கிய முகத்தோடு கொஞ்சம் குறைப்பேன். இந்த அப்பாவிக்கு இதற்குமேல் கஷ்டம் கொடுக்க வேண்டாம் என்று அவர்களும் பணத்தை எடுப்பார்கள். இதில் அம்மாவின் வேலை போனை எடுப்பதும், நடுவில் துண்டிக்காமல் இருப்பதும் மட்டும்தான்.

நீ என்ன செய்தாய்? ஒரு நாள் கடையில் உட்கார்ந்து என் பக்கத்தை எடுத்தாய். மறுநாள் அடுப்படியில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை எடுத்தாய். இரண்டையும் ஒட்டிவிட்டாய். இங்கே நான் கூனிக் குறுகி, திட்டாதீங்க முதலாளி என்கிறேன். அங்கே பெரிய முதலாளி உப்பு ஜாடிமேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வழிய வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

போன்களைப் பூட்டுவதற்கு முன்பே உன் வகுப்புத் தோழி எவளோ அதில் ஒரு துண்டை எடுத்து வெளியே விட்டுவிட்டாள் என்று நீ எழுதியிருந்தாய். அந்தத் துண்டு நேராக எதிர்க்கடைக்குத்தான் வந்தது. அந்த மனுஷன் வாசலில் நின்றுகொண்டு, தெருவுக்கே கேட்கும்படி, "என்ன அண்ணே, உங்க முதலாளி அழுதுக்கிட்டே விலை குறைக்கிறாங்க! அவ்வளவு நஷ்டமா?" என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அவனே குறுக்கே வந்து போனை என் கையில் கொடுத்தான். இத்தனை வருஷத்தில் அவன் என் கடைக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். உன் மகள் மானத்தை வாங்கிவிட்டாள் என்றேன். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைக்காமல், "நான் நல்லா இருந்தேனா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு கடையில் நடந்ததைக் கேள். லாரி ஓட்டுநர் ஒருவர் கட்டில் பார்க்க வந்தார். நான் பழக்கதோஷத்தில் போனை எடுத்தேன். "ஸ்பீக்கர்ல போடுங்க சார், நாங்களும் முதலாளிக்கு வணக்கம் சொல்றோம்" என்றார். இன்னொரு நாள் புதிதாகக் கல்யாணமான ஜோடி வந்தது. அம்மாவிடம்தான் பேசுவோம் என்று அடம். கொடுத்தேன். விலையைப் பற்றி இவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எந்த மாடி, படிக்கட்டு எவ்வளவு அகலம் என்று கேட்டாள். "அந்தப் பெரிய பீரோ திருப்பத்துல நிக்கும்மா, ஏறாது. சின்னதை எடுத்துக்கோங்க. மிச்சப் பணத்துக்கு நல்ல மெத்தையா பாருங்க" என்றாள். அவர்கள் அப்படியே செய்தார்கள். நானாக இருந்தால் பெரிய பீரோவை விற்றிருப்பேன். அது படிக்கட்டில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கும். நான் சண்டை போட்டிருப்பேன். ஆக, வியாபாரம் படுக்கவில்லை. அதை உன்னிடம் ஒளிக்க மாட்டேன். ஆனால் என் வித்தை செத்துப் போயிற்று, அதையும் ஒளிக்க மாட்டேன்.

இந்த நிலையில்தான் உன் கடிதம் வந்தது. அம்மா பேசும் கடைசிப் பகுதியை வெட்டிவிடுவதாகவும், படத்தைப் போட்டிக்கு அனுப்பப் போவதில்லை என்றும், நான் சொன்னால் அடுத்த ஆண்டு கணக்கியலுக்கு மாறிக்கொள்வதாகவும் எழுதியிருந்தாய். கணக்கியல் என்ற சொல்லைப் பார்த்ததும், உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது என்ன கடைசிப் பகுதி என்பது மட்டும் புரியவில்லை. கடைத்தெருவில் சுற்றியது வெங்காயத்தோடு முடிந்துவிட்டது.

அடுத்த நாளே உங்கள் வாத்தியார் வந்துவிட்டார். சீவாத தலைமுடியைப் பார்த்து, கடன் கேட்க வந்தவர் என்று நினைத்தேன். படத்தில் இருக்கிறவர்கள் சம்மதித்தால்தான் போட்டிக்கு அனுப்ப முடியுமாம். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டுமாம். இருப்பதில் நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார வைத்தேன். இந்தப் படிப்பில் என்ன வருமானம், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நீங்கள் வாங்குவது எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டேன். கடைசிக் கேள்விக்கு அவர் பதில் சொன்ன விதத்தைப் பார்த்து, பாவமாகி, தேநீர் வரவழைத்தேன்.

அவர் சொன்னார்: "எல்லாப் பிள்ளைங்களும் பேசுறவங்களைப் படம் எடுத்தாங்க சார். உங்க பொண்ணு மட்டும் கேக்கிறவங்களை எடுத்திருக்கு. ஆனா அந்தக் கடைசி நிமிஷத்தை வெட்டணும்னு ஒத்தைக் கால்ல நிக்குது. வெட்டினா அது வெறும் தமாஷ் படம். நீங்க அதைப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை என்றேன். காட்டினார்.

வெங்காயம் வெட்டி முடிந்திருக்கிறது. நீ காமிராவுக்குப் பின்னாலிருந்து கேட்கிறாய்: "ஏம்மா, நீ எடுக்கலைன்னாலும் அப்பா பாட்டுக்குத் தனியா பேசிப்பாரே. எதுக்கு ஒவ்வொரு தடவையும் ஓடி வந்து எடுக்கிறே?" அம்மா அடுப்பைத் தணிக்கிறாள். காமிராவைப் பார்க்காமலே சொல்கிறாள்: "காலையில போறாரு, ராத்திரி வர்றாரு. வந்தா சாப்பாடு, தூக்கம். நடுவுல அவர் குரல் கேக்கிறது இது ஒண்ணுதான். முதலாளின்னு கூப்பிட்டா என்ன, யார்கிட்டயோ பேசுற மாதிரி பேசினா என்ன? என் காதுலதானே விழுது." அதற்குள் போன் மறுபடியும் அடிக்கிறது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போகிறாள். அத்தோடு முடிகிறது.

பின்கட்டில் மெத்தை அடுக்குச் சரிந்த சத்தம் கேட்டதாக வாத்தியாரிடம் சொல்லிவிட்டு எழுந்து போனேன். ஒன்றும் சரியவில்லை. சிறிது நேரம் அங்கே நின்றுவிட்டு வந்தேன். வாத்தியார் விவரமானவர். தேநீர் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பினேன். போகும்போது அந்த நாற்காலியையும் வண்டியில் ஏற்றிவிட்டேன். உன் வாத்தியார் என்பதால் நியாயமான விலைதான்.

பிறகு கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வீட்டுக்குப் போன் போட்டேன். எடுத்தாள். வழக்கம்போல் ஒன்றும் பேசாமல் காத்திருந்தாள். வாய் தானாக "முதலாளி" என்று தொடங்கி நின்றுவிட்டது.

"யாரு வந்திருக்காங்க?" என்றாள்.

யாரும் இல்லை என்றேன்.

"அப்புறம் எதுக்குப் போன்?"

சும்மாதான் என்றேன்.

"என்னங்க, நெஞ்சு கிஞ்சு வலிக்குதா? பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடவா?"

அவளைச் சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டது. படம் முழுவதையும் பார்த்தேன் என்றேன். வெட்டச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். அதற்கு அவள், "உங்களுக்கு வெக்கமா இருந்தா வெட்டச் சொல்லுங்க. நான் சொன்னது பொய் இல்லை" என்றாள். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு வெட்கம் என்பதற்காக நல்ல சரக்கைப் பாதியாக அறுத்துக் கொடுக்கிற ஆள் நான் இல்லை.

கணக்கியலை மறந்துவிடு. கணக்குப் போட ஆயிரம் பேர் கிடைப்பார்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இத்தனை வருஷம் என் கண்ணில் படாததை நீ இரண்டே நாளில் காமிராவில் பிடித்திருக்கிறாய். அதை வேறு எந்தப் படிப்பிலும் வைத்து வீணாக்காதே. வேளைக்குச் சாப்பிடு. எடை குறைந்துவிட்டாய் என்று வாத்தியார் சொல்லவில்லை, நானாகத்தான் கேட்டேன். அவர் யோசித்துப் பதில் சொன்னதே எனக்குப் பிடிக்கவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும் பாப்பா. அடுத்தவர் பேசும்போது நின்று கேட்கிற இந்தக் காது உனக்குக் கடைசிவரை இருக்க வேண்டும். அது அம்மா கொடுத்தது, என்னிடம் வாங்கியதல்ல.

இன்று மாலை அம்மாவும் நானும் உட்கார்ந்து பேசி முடித்த ஒப்பந்தம் இதுதான். படம் ஒரு வினாடிகூடக் குறையாமல் போட்டிக்குப் போகிறது. திரையிடும் நாளில் கடைக்குப் பூட்டு. இருவரும் வருகிறோம், முன்வரிசையில் இடம் பிடித்து வை. உன்னுடைய அடுத்த படத்தில் கடையின் பெயர்ப்பலகை கட்டாயம் வர வேண்டும். இது என் தரப்பு. அம்மா தரப்பில் கேட்டது ஒன்றே ஒன்று: தினமும் மதியம், கடையில் ஆள் இல்லாத நேரத்தில், ஒரு போன். வாரத்துக்கு மூன்று என்று ஆரம்பித்தேன். ஞாயிறு விடுமுறை கேட்டுப் பார்த்தேன். தினமும் என்றே முடிந்தது.

உன் அப்பா