உன் கறுப்பு பானட்டில் இரண்டு ஓட்டை

பாசத்துக்கும் பிடிவாதத்துக்கும் பேர் போன என் தாமு அண்ணாவுக்கு,

முதலிலேயே விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். பானட் எகிறாமல் பிடிக்கிற, நீ வேண்டவே வேண்டாம் என்று சொன்ன பின்களை உன் காரில் போட்டுவிட்டோம். இன்ஜினை மூடுகிற அந்த ஃபைபர் பானட்டின் முன்பக்கத்தில் வலது மூலையில் ஒரு ஓட்டை, இடது மூலையில் ஒரு ஓட்டை. நீ இருந்திருந்தால் வீட்டைத் தலைகீழாக்கியிருப்பாய். இப்போது எழுந்து வந்து என்னைப் பார்த்துக் கத்த முடியாது என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

அதை ஏன்டி ஊரே படிக்கிற மாதிரி பத்திரிகைக்கு எழுதுகிறாய் என்று கேட்பாய். நாம் எந்தச் சண்டையை வாசலைத் தாண்டாமல் போட்டிருக்கிறோம், சொல். திருக்கழுக்குன்றத்தில் நம் தெருவுக்கு உன் காரைப் பற்றித் தெரியாதது என்ன இருக்கிறது?

உன்னைத் தெரியாதவர்களுக்கு மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாரம் முழுக்க வேனில் ஆட்களை ஏற்றி இறக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் உன் பழைய காரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய். அண்ணி அந்தக் காருக்கு ‘சின்ன வூடு’ என்று பேர் வைத்திருந்தார். வண்டியின் முன்பக்கம் கனமாக இருக்கிறது, திருப்பினால் சுகமாக இல்லை என்று உனக்கு ஒரு குறை. சென்னையில் யாரோ ரேஸ் வண்டிக்காரரிடம் அந்தக் கறுப்பு பானட்டை வாங்கி, தூங்குகிற குழந்தையைக் கொண்டுவருவது போலப் போர்வையில் சுற்றி எடுத்து வந்தாய். வாசலில் நின்று ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினாய்.

“பார்றீ பவானி, அப்பளம் மாதிரி கீது!”

அப்பளம் மாதிரி இருப்பதுதான் என் பயமே என்றேன். உன் காதில் ஏறவில்லை. பழைய இரும்பு பானட்டை அந்த வாரமே காயலான் கடைக்குத் தள்ளிவிட்டாய்.

பஷீர் பாயும் சொல்லிப் பார்த்தார். செங்கல்பட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் உன் சிநேகிதர், உன்னைவிட இரண்டு மடங்கு சத்தமாகப் பேசுகிறவர். நீங்கள் இரண்டு பேரும் அங்கே நின்று போட்ட சண்டை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“இரும்பு பானட்டுல லாக்கு வுட்டாலும் உள்ள இன்னொரு கொக்கி கீது, அது புடிச்சிக்கும். இதுல அந்தக் கொக்கியே இல்லபா. காத்து உள்ள பூந்துச்சின்னா அப்பிடியே தூக்கி கண்ணாடி மேல வந்து அடிக்கும். முன்னாடி ரெண்டு பின்னு போட்டுக்கோ நைனா.”

“பாய், லாக்கு நல்லா கீது. புடிச்சா புடிச்சதுதான். ஓட்ட போட்டா அங்கேர்ந்துதான் வெடிப்பு வுடும். பின்னு போட்டுகினு போனா, ஈசிஆர்ல சீன் போடற பசங்க வண்டி மாதிரி ஆயிரும். நமக்கு அது வாணாம்.”

நீ சொன்னால் சொன்னதுதான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதை மெழுகு போட்டுத் தேய்த்தாய். அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்வாய், ஞாபகம் இருக்கிறதா?

அடுத்து வந்த பொங்கலைப் பார்க்க நீ இல்லை. அதற்கு முன்பே ஒரு நாள் காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாய். ஆஸ்பத்திரி வாசல்வரைதான் வந்தாய். இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை அண்ணா.

கொஞ்ச நாளில் அண்ணிக்கு மாற்றல் வந்தது. இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தவரைக் கடப்பாக்கத்துக்குப் போகச் சொன்னார்கள். பஸ் மாறி மாறிப் போய்ச் சேருவதற்குள் பாதிப் பொழுது போய்விடும். நீ அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது அப்போதுதான் கை கொடுத்தது. காலையில் என்னை மகாபலிபுரத்தில் நான் வேலை பார்க்கும் ஓட்டல் வாசலில் இறக்கிவிட்டு, அப்படியே கடலோரச் சாலையில் தெற்கே போய்விடுவார். அண்ணி நன்றாக ஓட்டுகிறார். உன்னைவிட நன்றாக என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே.

ஊருக்குள் ஓட்டும்வரை தெரியவில்லை. வேகம் எடுத்து, கடல் காற்றும் சேர்ந்ததும், பானட்டின் நுனி நடுங்குவது உள்ளே உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது. அன்று முழுக்க ஓட்டலில் வருகிறவர்களுக்கு அறைச் சாவியை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். சாயங்காலம் அண்ணியிடம் ஆரம்பித்தேன்.

“அண்ணி, பாய்கிட்ட சொல்லி அந்தப் பின்ன போட்டுறலாம்.”

“அவரு வாணாம்னு சொன்னாரு பவானி.”

“அவரு சொன்னாரு, சரி. இப்ப ஓட்டறது நீங்கதான?”

“அவரு கையால தேச்ச பானட்டு. அதுல கொண்டுபோய் ட்ரில்லு வுடச் சொல்றியா? எனக்கு மனசு வரல. வுட்டுரு.”

நான் விடுகிற ஆளா? பாயிடம் போனேன். ஆனால் உன்னோடு தொண்டை கிழியச் சண்டை போட்ட அந்த மனிதர், நீ போன பிறகு உன் பக்கம் பேச ஆரம்பித்துவிட்டார்.

“தாமு சொன்னதும் பொய்யில்லமா. ஓட்ட கோணலாப் போச்சின்னா வெடிப்பு வுடும். இன்னொண்ணு, பின்னு போட்டா, பானட்ட மூடறப்பல்லாம் அதுக்கு கிளிப்பு மாட்டணும். மறந்துட்டா போட்டும் வேஸ்ட்டு. அவன் வாணாம்னு சொன்னத, அவன் இல்லாதப்ப நான் எப்டிமா செய்யறது? நீங்க பேசி ஒரு முடிவுக்கு வாங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதே. உயிரோடு இருந்தபோது உன் பேச்சை யாருமே கேட்டதில்லை. செத்த பிறகு எல்லோரும் கேட்டால் நான் என்ன செய்வது?

கடைசியில் முடிவு செய்தது நானும் இல்லை, பாயும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாழினி முன் சீட்டில் உட்காருவேன் என்று அடம் பிடித்தாள். உன் மகளுக்கு உன் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது. அண்ணி அவளுக்கு பெல்ட்டை மாட்டிவிட்டார். நிமிர்ந்து கண்ணாடி வழியாக அந்த பானட்டைப் பார்த்தார். குழந்தையின் முகத்தைப் பார்த்தார். பிறகு பெல்ட்டைக் கழற்றி, “இன்னிக்கு வாணாம்டா கண்ணு” என்று அவளைக் கீழே இறக்கிவிட்டார். மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனதும் லீவு சொல்லிவிட்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு நேராக செங்கல்பட்டுக்கு விட்டார்.

“பாய், ஓட்ட போடுங்க. அவராண்ட நான் பதில் சொல்லிக்கிறேன்.”

பாய் அன்றைக்கு ரொம்ப நேரம் அளந்தார். சில்லு தெறிக்கக் கூடாது என்று டேப் ஒட்டி, அடியில் தகடு வைத்து, நிதானமாகச் செய்தார். கீழே வண்டிச் சட்டத்தில் நிற்கிற பின், ஓட்டை வழியாக பானட்டுக்கு மேலே தலை நீட்டும், அதன் தலையில் கிளிப் மாட்ட வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. ட்ரில் சத்தம் கேட்டதும் அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் திருப்பவில்லை. கறுப்புத் தூள் உதிர உதிரப் பார்த்துக்கொண்டே நின்றேன். பாய் வாய்க்குள்ளேயே, “கோச்சிக்காதடா தாமு” என்று சொன்னது எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அண்ணி தினமும் காலையில் பானட்டைத் திறந்து தண்ணீர், ஆயில் பார்ப்பார், மூடிக் கிளிப்பை மாட்டுவார், வண்டியை எடுப்பார். ஆனால் அந்த மூலைகளைக் கண் கொண்டு பார்க்க மாட்டார். அவரை அப்படிப் பார்க்கும்போதெல்லாம் தப்புச் செய்துவிட்டோமோ என்று எனக்கே தோன்றும். வெறும் பயத்துக்காக, நீ ஆசையாக வைத்திருந்த பொருளைக் குத்திக் கெடுத்துவிட்டோமோ? இதை உன்னிடமே கேட்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்?

நீ போனதிலிருந்து ஒரு வருஷம் வீட்டில் பண்டிகை எதுவும் கும்பிடவில்லை. இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு, “வண்டிக்கு பூஜ போடணும், அவரு எப்டி போடுவாரோ அப்டியே” என்று அண்ணி சொன்னார். யார் என்ன நினைப்பார்கள் என்று அவர் பார்க்கவில்லை. தன் கையாலேயே கண்ணாடிக்குச் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். நான் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். யாழினி பூசணிக்காய் உடைப்பதைப் பார்த்துக் கைதட்டினாள். வீடு கொஞ்சம் வீடாக இருந்தது.

மாலை கட்டுவதற்கு உன் முறை ஒன்று உண்டே. பானட்டைத் தூக்கி, சாமந்தி மாலையின் வாழைநாரை உள்ளே விட்டு, மேலேயிருந்து பானட்டை டமால் என்று போடுவாய். நார் நடுவில் மாட்டிக்கொள்ளும். மாலை அசையாமல் நிற்கும். நம் தெருவில் எல்லோருமே அப்படித்தான் செய்கிறார்கள். அண்ணியும் அப்படியே செய்தார். நாரை நன்றாக முறுக்கி, இரண்டாக மடித்து உள்ளே விட்டார். இந்த பானட்டை மூட நீ சொல்லிக்கொடுத்த மாதிரி, மெல்லிசாயிற்றே என்று மேலேயிருந்து போடாமல் உள்ளங்கையால் அமுக்கினார். கிளிப்புகளை மாட்டினார். பார்வைக்கு மூடித்தான் இருந்தது.

நீ அந்த முறையில் மாலை போட்டதெல்லாம் இரும்பு பானட்டுக்கு அண்ணா. அதன் கனத்துக்கு நாரையும் நசுக்கிக்கொண்டு லாக் பிடித்துவிடும். இந்த அப்பளத்துக்கு ஏது கனம்? இதை வாங்கிய பிறகு நீ ஒரு ஆயுத பூஜைகூடப் பார்க்கவில்லை. அதனால் உனக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

மறுநாள் விஜயதசமி. எனக்கும் யாழினிக்கும் லீவு, அண்ணிக்கு டியூட்டி. அவர் வேலை பார்க்கட்டும், நாங்கள் ஆலம்பரைக் கோட்டையைச் சுற்றிப் பார்க்கலாம் என்று மூன்று பேரும் கிளம்பினோம். யாழினி ஜெயித்துவிட்டாள், முன் சீட்டில் இருந்தாள். மாலை தானாக வாடி உதிரும்வரை எடுக்கக் கூடாது என்பதால் அதையும் கட்டிக்கொண்டே போனோம்.

பாலாற்றுப் பாலம் தாண்டியதும் எதிரே ஒரு பஸ் வேகமாக வந்தது. அது எங்களைக் கடந்தபோது காற்று வந்து அறைந்தது. டப் என்று ஒரு சத்தம். பானட்டின் முன்பக்கம் எகிறியது.

“அண்ணீ!” என்று கத்தினேன். பின்னாலிருந்து யாழினியின் முகத்துக்கு நேராகக் கையை நீட்டினேன். என் கை எதைத் தடுத்திருக்கும்? ஆனால் பானட் மேலே வரவில்லை. விரல் அளவு எழும்பியது, அதோடு நின்றுவிட்டது. பொறியில் மாட்டிய எலி மாதிரி அங்கேயே படபடவென்று துடித்தது. அண்ணி பிரேக்கை அடித்து மிதிக்கவில்லை. மெதுவாக வேகத்தைக் குறைத்து, ஓரம் கட்டி, மண்ணில் இறக்கி நிறுத்திவிட்டார். அதன் பிறகுதான் திரும்பி யாழினியைப் பார்த்தார்.

இறங்கிப் பார்த்தோம். லாக் பிடிக்கவே இல்லை. மடித்த நார் அதன் வாயில் பாக்கு மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து அத்தனை தூரமும் அந்த பானட்டைப் பிடித்துக்கொண்டு வந்தது இரண்டு பின்கள் மட்டும்தான். ஓட்டையைச் சுற்றி ஒரு கீறல்கூட இல்லை.

நீ இப்போது என்ன வாதாடுவாய் என்று எனக்குத் தெரியும். பின் இருந்ததால்தானே லாக் பிடித்ததா என்று யாரும் பார்க்கவில்லை என்பாய். சரி, அதிலும் நியாயம் இருக்கிறது. இனி பின்னும் மாட்டுவோம், லாக்கையும் இழுத்துப் பார்ப்போம். போதுமா? எனக்கு அந்த நிமிஷத்தில் வாதமெல்லாம் தோன்றவில்லை. ரோட்டோர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். குழந்தைக்கு ஒன்றும் இல்லை, அண்ணிக்கு ஒன்றும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ போன நாளிலிருந்து என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று அங்கே இறங்கிப் போனது.

யாழினிதான் பயமே இல்லாமல் அந்தக் கிளிப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இதான் புடிச்சிகிச்சா?”

“ஆமாம்டா.”

“அப்பாதான போட்டாரு இத?”

அந்தக் காரில் இருக்கிற எல்லாமே அவளுக்கு அப்பா போட்டதுதான். அண்ணி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். உனக்குத்தான் தெரியுமே, திறந்த வாயை நான் சும்மா மூடியதே இல்லை. அன்றைக்கு மூடினேன்.

“ஆமாம்டா கண்ணு, அப்பாதான் போட்டாரு” என்றார் அண்ணி. பிறகு என் பக்கம் திரும்பி, “ஒங்க அண்ணன் இருந்திருந்தா மட்டும் இன்னா சொல்லியிருப்பாரு? ‘பின்னு போடணும்னு நான் அப்பவே சொன்னேன்ல’ம்பாரு” என்று சொல்லிச் சிரித்தார். நீ போன பிறகு அண்ணி சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாரை உருவிப் போட்டுவிட்டு, அந்தக் கறுப்பு மூலையில் கையை வைத்துத் தடவிக்கொடுத்தார்.

ஆகவே அண்ணா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்தக் கடிதம் அச்சாகி வருகிற தாளை யாழினி கண்ணில் படாமல் ஒளித்து வைப்பேன். அவள் லைசென்ஸ் வாங்கி, அந்த சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடிக்கிற நாளில் நானே எடுத்துக் கொடுக்கிறேன், படித்துவிட்டுச் சிரிக்கட்டும். அதுவரை அவள் யாரிடம் சொன்னாலும், பாய் எதிரிலேயே சொன்னாலும், நான் மறுத்துப் பேச மாட்டேன். அந்தப் பின்களைப் போட்டது நீதான்.

உன்னோடு சண்டை போட ஆளில்லாமல் தவிக்கும் தங்கச்சி,
பவானி